பழுதான மாதங்கள்

இரண்டு பெட்டிகள், ஒரே கம்பிவடம்.
ஒன்று குன்றேற வேண்டுமென்றால் மற்றது இறங்க வேண்டும்.
வல்பராய்சோவில் பதினோரு வருடமாக
எனக்கு இந்த ஒரு வேலைதான்:
சில்லறை வாங்குவேன், கதவைச் சாத்துவேன்,
மணியடிப்பேன், கூடவே போய்வருவேன்.

அமாரோ என் மடியிலேயே வளர்ந்தான்.
விடியுமுன் மீன்துறைக்குப் போய்விடுவாள் யாஸ்னா.
சிணுங்கினால் பாட்டில்.
பாட்டில் காலியானால் போன்.
போனில் சார்ஜ் போனால்
பயணி யாராவது ஒரு பிஸ்கட்டை நீட்டி
கன்னத்தைக் கிள்ளி, "கொழுகொழுன்னு!" என்பார்கள்.
நானும் பூரித்துப்போவேன்.
நாளைக்கு நாற்பது முறை
குன்றேறி இறங்கினான் என் மகன்,
ஓரடிகூட எடுத்து வைக்காமல்.

இருபத்திரண்டாம் மாதம்
சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒர்ஃபீலியா
தராசைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்,
மேல்கோட்டுக்கும் மேலே ஒரு புள்ளி வைத்தாள்.
திட்டவில்லை.
"எத்தனை பாட்டில்?" என்றாள்.
இரண்டைக் குறைத்துச் சொன்னேன்.
இரண்டைக் கூட்டி எழுதிக்கொண்டாள்.

"பட்டினி போட்டுடாதீங்க. இளைக்க வைக்கவும் வேண்டாம்.
எடை நிக்கட்டும், உயரம் வந்து பிடிச்சுக்கும்.
பால் கிண்ணத்துல, அளவா.
ஜூஸ் வேண்டாம், தண்ணி போதும்.
அப்புறம்,
புள்ளைய இறக்கி விடுங்க."

ஊரையே இறக்கி விடுகிறவனிடம் சொன்னாள்.

உடனே இறக்கிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
மறந்துபோனேன்.
ஜூன் மழையில் வடத்தின் இழை ஒன்று பிரிந்தபிறகுதான்,
நகராட்சி சங்கிலி போட்டுப் பூட்டியபிறகுதான்,
நினைவு வந்தது.
கீழ்வாசலில் எனக்குக் காவல்வேலை.
வீடு உச்சியில்.
நடுவில் நூற்று அறுபத்திரண்டு படி.

முதல்நாள் ஒன்பது.
பத்தாவதில் உட்கார்ந்து இரு கையையும் தூக்கினான்.
மிச்சத்தைச் சுமந்தவன் நான்.
என் மூச்சும் ஏதோ கோட்டைத் தாண்டியது.

மறுநாள் ஏழுதான், வழியில் ஒரு நத்தை.
நத்தை எங்களை முந்திப் போனது.

சுவரில் கரித்துண்டால் கணக்கு வைத்தேன்.
ஒருநாள் நாற்பது, அடுத்தநாள் நான்கு.
நாலு காலில் ஏறினான், குண்டியால் இறங்கினான்,
பூனையிருந்த படியில் அரைமணி நேரம் நின்றான்.
பத்தாம் நாள் கரித்துண்டை அவனிடமே கொடுத்துவிட்டேன்.
சுவரெல்லாம் கிறுக்கினான்.

ஒரு திங்கட்கிழமை,
தொண்ணூறு படி அவன் காலாலேயே.
வீட்டில் பூசணி போட்டு வெந்த பீன்ஸ்.
கரண்டி வருமுன்னே வாயைத் திறந்தான்.
என் மகனிடம் அதுவரை
பசியை நான் பார்த்ததே இல்லை.
அது கிளம்பும் முன்பே
பாட்டில் போய்ச் சேர்ந்துவிடும்.

கை நிறைய அள்ளி
பாதி வாய்க்கு, கொஞ்சம் காதுக்கு, மீதி நாய்க்கு.
போதுமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
"இன்னும் ஒரே ஒரு வாய்" என்று நான் நீட்டிய கரண்டியை
யாஸ்னா பிடுங்கித்
தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் என்றார்கள், மூன்று மாதம் ஆனது பழுது நீங்க.
செப்டம்பர் தராசில் அதே எடை.
உயரம் ஒரு விரற்கடைக்கு மேல் கூடுதல்.
புள்ளி இன்னும் கோட்டுக்கு மேலேதான்.
ஆனால் முன்னைப்போல் எட்டத்தில் இல்லை.
ஒர்ஃபீலியா பேனாவை மூடிவிட்டு
அவன் முட்டியின் சிராய்ப்பைத் தொட்டுப் பார்த்தாள்.
மருந்தெழுதவில்லை, சிரித்தாள்.

இப்போது பெட்டிகள் ஓடுகின்றன.
ஒன்று ஏற, ஒன்று இறங்க.
அத்தனை துல்லியமாக
என் வீட்டில் எதுவும் நடப்பதில்லை.
நேற்று முழுக்க ரொட்டியின் மேலோட்டை மட்டும் கொறித்தான்.
இன்று காலை இரண்டு முட்டை கேட்டு
ஒன்றைத் தரையில் வைத்து உருட்டினான்.

மாலை, கண்ணாடி வழியே படிக்கட்டு.
யாஸ்னாவின் விரலை உதறிவிட்டு
நடுப்படியில் உட்கார்ந்து
ஷூவுக்குள் கூழாங்கல் தேடுகிறான்.
மேலே போகும் பெட்டியில் அவனைக் கடக்கிறேன்.
மணியடிக்கிறேன்.
நிமிரவில்லை.
வேலையாக இருக்கிறான்.