ஒற்றை ர்

ஹட்டனில் அந்தக் கதையை
அச்சுக் கோத்தவன் நான்.
எழுபத்தொன்று, ஆடி. ஈய எழுத்திலும் ஈரம்.
பருத்தித்துறையிலிருந்து வந்து பத்து நாள்தான்.

பிரதியில் தலைப்பு: நிலவில் ஒரு பேர்.
பேர் என்றால் ஒருநாள் சம்பளம் என்று
அங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.
எனக்குத் தெரியாது.
பாவம், கைப்பிழை என்று
பேய் என்று போட்டேன்.

எழுதியவர் குருசுமுத்து,
லிந்துலையில் ரேடியோ திருத்துகிறவர்.
கதையில் பேயே இல்லை.
சந்திரனில் தேயிலை மலை,
கண்ணாடிக் கூரைக்குள்ளே இருபது பெண்கள்.
வில்தராசு மட்டும் பூமியில் செய்தது:
பதினெட்டு றாத்தல் கொழுந்து
மூன்று என்று காட்டும்.
சாக்குக் கழிவோ பூமிக் கணக்கிலேயே இரண்டு.
மிச்சம் ஒன்று.
ஒருத்திக்கும் பேர் விழவில்லை.

"தராசு பொய் சொல்லாது" என்கிறார் கணக்கப்பிள்ளை.
ரெங்கம்மா என்றொருத்தி
அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி
கொக்கியில் மாட்டுகிறாள்.
இருபத்தைந்து றாத்தல்.
பால் மறந்த பிள்ளையின் கனம்.

அவ்வளவுதான் கதை.
இறக்கிவிட்டாளா என்று எழுதவில்லை.

இருநூறு பிரதியில் ஒன்று
எப்படியோ கொழும்புக்குப் போய்
பேய்க்கதைத் தொகுப்பொன்றில் ஏறிக்கொண்டது.
இன்றைக்கும் அவரை
ஒரே ஒரு பேய்க்கதை எழுதியவர் என்கிறார்கள்.
ரெங்கம்மாதான் பேய் என்று
ஒருவர் ஆராய்ந்தும் எழுதினார்:
உயிரோடிருப்பவளுக்கு அத்தனை பலம் வராதாம்.

மன்னிப்புக் கேட்க பஸ் ஏறிப் போனேன்.
வால்வு ஒன்றை ஊதித் துடைத்தபடி சொன்னார்:
"பேருன்னு போட்டிருந்தா எவன் வாசிப்பான், விடுங்க."
கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே:
"எங்காளுக வாசிச்சிருப்பாங்க."

அடுத்த கதை?
"செவ்வாய்ல பிரஜாவுரிமை. பாதியில நிக்குது.
பாரம் இன்னும் வரல."

பாரம் எழுபத்துநாலில் வந்தது,
செவ்வாய்க்கு அல்ல.
தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் அவரும் ஒருவர்.
அந்தப் பாதிக் கதை
எந்தத் தகரப்பெட்டிக்குள் போனதோ.

அச்சகத்தை மூடிய அன்று
நான் போடாமல் விட்ட அந்த ர்-ஐ
அதன் அறையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.
இடம் வலம் மாறிய சின்ன ஈயத் துண்டு.
போன கிழமை
மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.

முள் அசையவில்லை.