சேதாரம்

புதன்கிழமை என்றால் சயான் ஆஸ்பத்திரி.
முதலில் சிறுநீர்.
ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிக் குழாயின் மேல்பாதியைக் காய்ச்சி
ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார் தளவி.
தெளிந்திருந்தால் “ஜா, தாயி” என்பார்.
அடுத்த அறையில் ஊசி.
கலங்கியிருந்தால் அந்த வாரம் தங்கம் கிடையாது.

“தங்கமா ஏத்துறாங்க?” என்றாள்
முலுண்ட் லோக்கலில் தினம் எனக்கு இடம்போடும் அம்புஜவல்லி.
“பேசாம வளையலா வாங்கிப் போட்டுக்கயேன்.”
எந்த வளையல் இந்த முட்டியைத் தாண்டும்?
மோதிரம்கூடக் கழலாமல்
மாட்டுங்கா பத்தர் குறடு வைத்து வெட்டினார்.
வெட்டிய துண்டைத் தராசில் போட்டுக் காட்டினார்:
“ரெண்டு கிராம் எண்ணூறு. துளி சேதாரமில்லம்மா.”

டாக்டர் பெண்ட்ஸே கணக்காகப் பேசுகிறவர்.
முதல் வாரம் பத்து மில்லிகிராம்,
உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று.
பிறகு இருபத்தைந்து. பிறகு ஐம்பது.
அதில் பாதிதான் தங்கம்.
“இது எப்படி வேலை செய்யும்?”
“சரியாகத் தெரியாது” என்றார்.
அதற்கு முன் பார்த்த ஆறு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.
அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.

பொன்னூசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்வார்களா
என்று கேட்டார் வீட்டுக்காரர்.
கண்ணில் இல்லை, இடுப்பில் என்றேன்.

குத்தியபின் அரைமணி பெஞ்சில் இருக்கவேண்டும்,
மயக்கம் வருகிறதா என்று பார்க்க.
வராத நாட்களில் கணக்குப் போட்டேன்:
இருபது வாரம், ஒரு கிராம், அதில் பாதி.
நாலு குன்றிமணி எடை.
கல்யாணத்துக்குப் போட்ட பதினோரு சவரனும்
காட்கோபர் சேட்டின் இரும்புப் பெட்டியில்.
இந்த அரைக் கிராமை மட்டும்
கோதண்டபாணியால் கேட்க முடியாது.

பதினேழாம் வாரம், ஃபோர்ட் ஆபீசில்,
ஒரு டெண்டர் நோட்டீஸின் நடுவில்
இடக்கைச் சுண்டுவிரல் தன் எழுத்தில் தானே இறங்கியது.
ஒன்றரை வருஷமாக
அதன் வேலையையும் ஆள்காட்டி விரல்தான் ஓடி ஓடிச் செய்தது.
நான் நிறுத்தவில்லை. குனிந்து பார்க்கவுமில்லை.
பார்த்தால் பறந்துவிடும்.
நாலு பிரதி. கடைசிக் கார்பன்வரை அழுத்தம் விழுந்திருந்தது.

மார்ச்சில் நாக்கில் இரும்புச் சுவை.
கழுத்தில் அரிப்பு.
தளவி குழாயைத் தூக்கினார்.
இறக்கி, விளக்கைத் தூண்டி, மறுபடி காய்ச்சித் தூக்கினார்.
நல்ல வெயில்.
குழாயின் மேல்பாதியில் அரிசி களைந்த தண்ணீர்.
ஒன்றும் சொல்லாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இனி வேறு மாத்திரையாம்.
“உள்ளே போனது, டாக்டர்?”
“கொஞ்சம் தங்கும். வருஷக்கணக்கில்கூட.”
மீதியை நான் கேட்கவில்லை.
பத்தர் பாஷையில் அதற்குப் பெயர் இருக்கிறது.

சயான் ஸ்டேஷன் படிக்கட்டில்
கம்பியைத் தொடாமல் ஏறிப் பார்த்தேன்.
பதினாலு படி.
பிறகு பிடித்துக்கொண்டேன்.