இருமை

நாடகம் போட அனுமதி வேண்டுமென்றால்
பெயரை அரபியில் தட்டித் தர வேண்டும்.
மனாமா ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருடம்
"எங்கே வலிக்கிறது" கேட்டுக் கேட்டு
எனக்குக் கொஞ்சம் அரபி வரும் என்பதால்
தஸ்நேவிஸ் சார் என்னை அனுப்பினார்.
நைட் டியூட்டி முடிந்த கண்ணோடு
ஜெராக்ஸ் மெஷின் சூட்டில்
இத்ரீஸின் மேசைமுன் நின்றேன்.
சூடான்காரர். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காதுதான்;
மறுபக்கம் நூல்.

"பெயர்?"
நல்லார் இருவர்.
அரபியில் தடுமாறி: நல்ல… ரெண்டு பேர்.
"ரெண்டு ஆணா, ரெண்டு பெண்ணா?"

விரல் விசைமேல் நின்றது.
அவர்கள் மொழியில் இரண்டுக்கென்று தனி விகுதி,
அதிலும் ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று.
நம்முடைய 'ஆர்' அதையெல்லாம் கேட்பதில்லை.
முக்காடு போட்டுக்கொண்டு
யாரென்று காட்டாமல் போய்விடும்.

யார் அந்த இருவர்?
நூறு வருடமாக எல்லாரும் சொல்வது
சேந்தனும் பூதனும்.
கடனுக்குச் சிறைப்பட்ட பூதனை
"போய்ப் பொருள் தேடி வா" என்று அனுப்பிவிட்டு
அவன் விலங்கில் கால் நுழைத்தவன் சேந்தன்.
ஏழு வருடம் கழித்துப் பொன்னோடு வந்தவன் பூதன்.
கட்டிப்பிடிக்கிறார்கள். திரை.

பிணை நின்றவன் என்பதற்குச் சொல் தேடினேன்.
"கஃபீல்" என்றார் இத்ரீஸ்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் கஃபீல் எவரும் எவர் விலங்கிலும்
கால் நுழைத்ததில்லை.
பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியதுண்டு.

"சேந்தனுக்கு மனைவி இல்லையா?"
இருக்கிறாள். வெண்ணி. அந்த வேஷம் எனக்கு.
பதினொரு வரி. ஒன்பது வரி "ஐயோ."
உப்பு விற்று ஏழு வருடம்
சிறைக்குச் சோறு கொண்டு வருகிறாள்.
மேடையில் அது நடப்பதில்லை.
காவலன் ஒருவன் போகிறபோக்கில் சொல்வான்:
"இன்றைக்கும் வந்தது சோறு."
அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.
ராத்திரியில் விலங்கைத் தளர்த்தி விடுபவன் அவன்.

பூதனுக்கு மூன்றாம் வருடமே பொன் சேர்ந்துவிட்டது.
அவன் வாயாலேயே சொல்கிறான்:
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
இருந்துவிட்டேன் நண்பா."
ஒத்திகையில் அந்த வரி வந்தால்
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
கிரேன் ஓட்டும் தஸ்நேவிஸ் சார்,
ஏசி மெக்கானிக் கலியமூர்த்தி, நான்,
எல்லாரும் ரெண்டே வருடம் என்று வந்தவர்கள்.

சேந்தன் நல்லவன்தான்.
வெண்ணியை ஒரு வார்த்தை கேட்காமல்
காலை நீட்டிய நல்லவன்.

"அப்படியானால் வெண்ணியும் காவலனுமா?"
பின்னால் ஒருவர் விசாக் காகிதத்தோடு இருமினார்.
"ஆணும் பெண்ணும் என்றாலும் ஆண் விகுதிதான்.
ஒருத்தன் இருந்தால் போதும்."
எப்படிப் பார்த்தாலும் ஒரே சொல்லா?
"ஒரே சொல்."
தட்டினார். அரை தினார்.

பத்து நாளில் அனுமதி வந்தது.
இருமையைப் பிழை என்று நினைத்தாரோ என்னவோ,
ஆபீசில் யாரோ பன்மையாக்கியிருந்தார்.
நல்லவர்கள். அவ்வளவுதான். எத்தனை பேர் என்றில்லை.
"இருவர் எங்கே போனார்கள்?"
தஸ்நேவிஸ் சார் குதித்தார்.
ஃபிளெக்ஸ் ஏற்கெனவே அடித்தாயிற்று.
எனக்கென்னவோ அந்தப் பிழை பிடித்திருந்தது.
அதுவும் ஆண்பால்தான், இருக்கட்டும்.

நாடகத்தன்று
பூதனும் சேந்தனும் கட்டிப்பிடித்தார்கள்.
கைதட்டல்.
காவலன் கலியமூர்த்திதான் திரைக்கும் ஆள்.
திரை விழவில்லை.
கட்டிப்பிடித்தவர்கள் கட்டிப்பிடித்தபடியே நிற்க
அவர் என்னைப் பார்த்தார்.
சோற்றுத் தூக்கோடு நான்
மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு
நடந்தேன். பேசவில்லை.
முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும்
"யாரும்மா அது?" என்றது.

கயிறு சிக்கிக்கொண்டது என்று
சாரிடம் அப்புறம் சொன்னார் கலியமூர்த்தி.
நான் பார்த்தேன்.
அவர் கையில் கயிறு தளர்வாகத்தான் இருந்தது.