கூட்டிப் பெருக்கியவளின் கை

படத்தில் என் வேலை, தொடர்ச்சி பார்ப்பது.
முந்தைய ஷாட்டில் சாக்பீஸ் எத்தனை விரற்கடை,
கோட்டில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
தேநீர் எந்த மட்டத்தில் நின்றது,
எல்லாவற்றையும் நோட்டில் குறிக்க வேண்டும்.
பொய் ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா.

திபிலீசியில், சொலொலாக்கிச் சரிவில்,
மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றில் செட்.
நாயகி கேத்தோவுக்கு அழுகை வரும், கணக்கு வராது.
இரண்டு வாரம் பழகியும் சூத்திரத்தைக்
கையெழுத்துப் போடுவதுபோல் கிறுக்கினாள்.
கையை மட்டும் தனியாக எடுப்பதென்று முடிவு.
கதைக்குச் சொந்தக்காரி உயிரோடிருக்கிறாள் என்பது
அப்போதுதான் இயக்குநர் வாஜாவுக்கு நினைவு வந்தது.

நூரே வந்தாள். எழுபத்தொரு வயது. யசீதிப் பெண்.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
நெடுங்காலம் ஒரே பொருள்: துடைப்பம்.
முப்பத்திரண்டு வருஷம், விடியுமுன்,
பதினேழு தெருக்களைக் கூட்டினாள், பெருக்கினாள்.
நடந்த தெருவில் மறுபடி நடக்காமல்
வீட்டுக்குத் திரும்ப வழி உண்டா என்று
முழங்கால் வலியில் யோசித்ததுதான் தொடக்கம்.
ஒற்றைப்படையாய்த் தெருக்கள் கூடும் சந்திகள்தாம்
காலை வாருகின்றன என்று கண்டாள்.
அது இருநூறு வருஷப் பழசு என்று பிற்பாடு தெரிந்தது.
"எனக்குப் புதுசாகத்தான் இருந்தது" என்றாள்.
அங்கிருந்து, அதற்குமுன் யாரும் போகாத தூரம் போனாள்,
ரொட்டிக்கடைக் காகிதப் பைகளின் மேல்.

செட்டுக்குள் நுழைந்தவள் கரும்பலகையைப் பார்த்து நின்றாள்.
கலைப்பிரிவுப் பையன்கள், அழகுக்காக,
தொகையீட்டுக் குறிகளை வளைத்து வளைத்துப் போட்டிருந்தார்கள்.
"இந்த வாத்தெல்லாம் யாருடையது?"
கேட்டுக்கொண்டே சட்டைக்கையால் துடைத்தாள்.

மதியம், பேராசிரியர் காட்சி.
பைகளைக் கிழித்தெறிய வேண்டும், கத்த வேண்டும்.
மூன்று டேக். கேத்தோ பிரமாதமாக நடுங்கினாள்.
மூலையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த நூரே
என்னிடம் மட்டும் சொன்னாள்:
"அந்த மனிதர் கத்தவேயில்லை.
உட்காரச் சொன்னார். தேநீர் கொடுத்தார்.
எல்லாப் பையையும் படித்து முடித்து
மரியாதையாகக் கேட்டார்,
யாரம்மா உனக்கு இதை எழுதிக் கொடுத்தது?
கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.
தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.
தேநீர் நன்றாகத்தான் இருந்தது."
நோட்டில் எழுதிக்கொண்டேன்,
எந்தக் கட்டத்தில் சேர்ப்பதென்று தெரியாமல்.

மாலை, கை.
கேத்தோவின் அதே சட்டை, அதே கறை.
ஒப்பனைக்காரி தூரிகையோடு வந்து
அந்த விரல்களைப் பார்த்து
செய்ய ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனாள்.
ஆக்‌ஷன்.
ஒரு வரி. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்தாம் வரியை எழுதி, நின்று,
குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"கட். அம்மா, அடித்தல் வேண்டாம். இது வெற்றிக் காட்சி."

மறுபடி. மறுபடியும் அதே ஐந்தாம் வரி, அதே கோடு.
"அது தப்புதானே?" என்றார் வாஜா.
"தப்புதான். அதில் ஒன்பது வருஷம் குடியிருந்தேன்.
கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை,
அந்தக் குளிர்காலமெல்லாம் அதற்குள்தான்.
அதைத் தாண்டாமல் ஆறாவதுக்கு வழி கிடையாது."

விளக்குகள் வாடகைக்கு எடுத்தவை.
வாஜா கடிகாரத்தைப் பார்த்தார்.
"சரி, எழுதட்டும்" என்றார். எங்களிடம் கண்ணடித்தார்.

படம் வெளியாகி ஆறு வாரம் ஓடியது.
நூரே பார்க்க வரவில்லை. முழங்கால் என்றாள்.
நான்காம் வரியிலிருந்து கேத்தோவின் கண்ணீருக்குப் போய்
திரும்பி வரும்போது பலகையில் ஆறாம் வரி.
ஐந்து இருந்த இடம் சுத்தமாக இருக்கிறது,
கம்ப்யூட்டரில் பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

ஆனால் சாக்பீஸ்
ஒரு நெல்லளவு குறைந்துவிடுகிறது.

எடிட்டிங் மேஜையிலேயே பார்த்தேன்.
சொல்வதுதான் என் சம்பளம்.
சொல்லவில்லை.