அடிக்குறிப்பு 61

மேலே நான் எழுதியது இரண்டே வரி:
"பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் தீவின் தென்புறம் பாசி இளகும்.
பிடுங்க வேண்டியதில்லை, தொட்டால் வரும்."
முற்றுப்புள்ளியின் தோளில்
ஈ உட்கார்ந்த மாதிரி ஓர் எண்.

ஓரத்தில் நெறியாளரின் சிவப்பு மை:
யார் சொன்னது?

சின்னப்பாலத்துக்குப் போனேன்.
நம்புசெல்வி விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.
காலில் கட்டும் தகடு பக்கத்தில் கிடந்தது,
ஒரு முனை மடங்கி.

"நாந்தான் சொன்னேன். ஆனா என்னோடது இல்ல டீச்சர்.
பாக்கியமேரி சொன்னது.
அவளுக்கு மூக்கையூர் நாத்தனா சொன்னா.
அதுக்கு முன்னால யாருன்னு தெரியாது.
தெரியாதுன்னே போட்டுக்கங்க."

ஆறு வருஷமாய் ஆய்வேடு எழுதுகிறேன்.
எத்தனை பேர் வாயிலிருந்து எடுத்ததை
'எனலாம்' என்றும் 'கருதப்படுகிறது' என்றும்
ஆளில்லாமல் கரை ஒதுக்கியிருக்கிறேன்.

அன்றிரவு மண்டபம் லாட்ஜில்
சொன்னவள், அவளுக்குச் சொன்னவள்,
ஊர், உறவு, தெரியாது என்பது வரை தட்டினேன்.
ஏத்தத் தண்ணி போலக் குறிப்பு
பக்கத்தின் அடியிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது.
உச்சியில் என் இரண்டு வரி மட்டும்
முழுகாத திட்டாய் மிஞ்சியது.

விடிந்ததும் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.
தீவின் பெயர் வந்த இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"ஃபாரஸ்ட்காரங்க இதெல்லாம் படிப்பாங்களா?"

படிக்க மாட்டார்கள் என்றேன்.
யாருமே படிக்க மாட்டார்கள் என்பதை
சொல்லாமல் விட்டேன்.

வள்ளத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
பையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னாள்:
"தீவு பேர எடுத்துருங்க. எம்பேரு, அந்த நாத்தனா பேரு, அதையும்.
பாக்கியமேரி இருக்கட்டும்.
போன ஐப்பசியில போய்ச் சேந்துட்டா.
அவளுக்கு இனிமே எந்த நோட்டீசும் வராது."

எடுத்தேன்.
தண்ணீர் வடிந்து பக்கம் வெளுத்தது.
அறுபத்திரண்டு, மேலது.
அறுபத்து மூன்று, மேலது.
கல்லறைத் தோட்டத்து மணலுக்கு அடியில் இருப்பவளை
இப்படித்தான் குறிக்க வேண்டுமாம்.

நேற்று ஏடு திரும்பி வந்தது,
அதே சிவப்பு:
நேர்காணல் நடந்த நாள்?

நம்புசெல்வியை அழைத்தேன்.
கடலில் இருக்கும்போது
அவள் போன் வீட்டில்தான் கிடக்கும்.
மணி அடித்தது, நின்றது.