தோட்டா 50

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும்.
திருநகர், பங்குனிக் கடைசி, இரவு பதினொன்று.
தெற்காவணி மூல வீதியில்
பொன் நிறுக்கவென்று விற்ற தராசு,
நான் மூச்சு விட்டாலே கடைசி எண் தடுமாறும்.
பெரியார் நிலையம் போகும் கடைசிப் பேருந்து
தெருமுனை தாண்டினால்தான் அடங்கும்.

பகலில் கப்பலூர் மில்லில், சோதனைக் கூடத்தில்,
நூற்றிருபது கெஜம் நூலைச் சுற்றி நிறுப்பேன்
நாற்பதாம் நம்பரா
முப்பத்தொன்பதுக்கு நழுவியதா என்று.
இரவில் மருந்து.

மருந்து என்றுதான் சொல்கிறோம்.
குண்டுக்கு ரவை.
அடியில் அமுக்குவது பொட்டு.
உறைக்குத் தோள் உண்டு, கழுத்து உண்டு.
மருந்து தீரப்போகுது என்று மாடியில் நின்று ஃபோனில் சொன்னால்
எதிர்வீட்டு மெர்சி
யாருக்கு என்னாச்சு என்கிறாள்.

இந்தப் பித்தளை ஏழு முறை சுட்டது.
ஒவ்வொரு முறையும் உப்பி
என் துப்பாக்கியின் உட்சுவரைத் தன்மேல் வாங்கிக்கொண்டது.
இன்னொருவர் துப்பாக்கியில் முரண்டு பிடிக்கும்.
கழுத்தை இறுக்கி, வாயை உரசி,
நகத்தால் சுற்றிலும் தடவுவேன்.
நகம் எங்கே தட்டுகிறதோ
அந்த உறை ஜன்னல் விளிம்புக்குப் போகும்
மற்ற ஒன்பதோடு.

முப்பத்தோராவதில் ஃபோன் அடித்தது.
அண்ணன்.
"தேர்தல் தேதி அறிவிச்சுட்டாங்க, பாத்தியா?"
பார்க்கவில்லை. வைத்துவிட்டேன்.
கையில் இருந்ததற்கு மருந்து போட்டேனா?
போட்டதற்கே மறுபடி போட்டேனா?
விளக்கைச் சாய்த்து ஒவ்வொரு வாயாய் எட்டிப் பார்த்தேன்.
எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.
தெரிந்தால் போதாது.
முப்பத்தொன்றையும் கவிழ்த்துக் கொட்டி
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
முடிக்கும்போது பால் வண்டி வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஸ்டேஷனில் நின்றேன்.
தேர்தல் முடியும்வரை ஆயுதம் ஒப்படைக்க வேண்டும்.
போட்டிக்குப் போகிறவள், விலக்கு வேண்டும் என்ற என் மனு
ஆட்சியர் அலுவலகத்தில்
ஏதோ ஒரு மேசையில் வெற்றிலை வாசம் பிடித்துக் கிடந்தது.

ஏட்டு ஒச்சப்பன்
கடலை மிட்டாய் எண்ணுவதுபோல
இரண்டிரண்டாக எண்ணினார்.
"சுந்தரவல்லி, க/பெ. ஞானதுரை. சரியா?
முந்நூறு மீட்டர்ல எதைம்மா சுடுவ?"
"காகிதத்தை."
"காகிதத்தையா."
பேரேட்டில் எழுதினார்: தோட்டா 50.
கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.

பெட்டியை ஜன்னலோரம் வைத்தார்.
"அங்க வெயில் படும் சார்."
"பட்டா? வெடிச்சிருமா?"
"வெடிக்காது. சூடு ஏறுனா, சுடும்போது மேல போகும்."
"எவ்வளவு மேல?"
விரலைக் காட்டினேன். ஒரு விரல் அகலம்.
"காகிதத்துலயா?"
"காகிதத்துல."
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு எழுந்துபோய்
உள்ளறை இரும்பு அலமாரியைத் திறந்து
கீழ்த்தட்டில் பழைய வழக்குக் கட்டுகளை ஒதுக்கி
இடம் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமலை அடிவாரத்துக்குப்
வெறுங்கையோடு போனேன்.
தொலைநோக்கி மட்டும்.
கானல், பலகைக்கு முன்னால் கொதிக்கும் கஞ்சிபோல நெளிந்தது.
கொடி ஒரு பக்கம் காட்டும்,
பனை ஓலை ஒரு பக்கம்.
நான் கானலை நம்பினேன்.
நோட்டில் எழுதினேன்: வலமிருந்து, மெதுவாக, ஆடுகள் கடந்தன, நின்றது.
எந்தக் குண்டும் போகாத காற்றுக்கு
நான்கு பக்கம்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார்.
வாக்குப் போட்டேன்.
இடது ஆள்காட்டி விரலில் மை.
என் விரல் வலது.

எண்ணிக்கை முடிந்த வாரம்
ஒச்சப்பன் பெட்டியை எடுத்து வந்தார்.
மேலே தூசி இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள்.
இரண்டிரண்டாக எண்ணினார்.
"ஐம்பது. எல்லாம் சரியா இருக்காம்மா?"
"இருக்கு சார்."

வீட்டுக்கு வந்து
மின்விசிறியை நிறுத்தினேன்.