தோள் மாத்து

செவ்வாயும் வெள்ளியும் நாலு மணித்தியாலம்
என் இரத்தம் வெளியே போய்
கழுவிக்கொண்டு திரும்பி வரும்.
கட்டிலோரம் ஜன்னல். ஜன்னலுக்குள் கடல்.
கடலின் மூலையில் உன் மலை.
கோபுரம் தெரியாது, மலையின் முதுகுதான் தெரியும்.
நீ திரும்பி நிற்கிறாய் என்று
முதல் மாதம் ஒரு கோபம் இருந்தது.
இப்போது அதுவும் இல்லை.

ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்.
ஹோர்லிக்ஸ் போத்தலில் கோடு கீறி
அளந்து தருகிறாள் நாகபூசணி.
போன வெள்ளி கோட்டை வாசலில் ஒரு மான்
கடைக்காரனின் வாளிக்குள் தலையை விட்டுக்
குடித்துக்கொண்டேயிருந்தது.
ஓட்டோவை நிறுத்தச் சொல்லி
அது தலையை எடுக்கும்வரை பார்த்திருந்தேன்.
மேலே வரவில்லை.

பன்னிரண்டு பங்குனி உன்னைக் காவியவன் நான்.
முன்கொம்பில் இரண்டாம் ஆள்.
கோட்டைச் சரிவில் இறங்கும்போது
மொத்தப் பாரமும் முன்னுக்கு வரும்,
கொம்பு தோளெலும்பைத் தேடிப் பிடிக்கும்.
பின்னுக்கிருந்து பேரின்பம் அண்ணன் கத்துவார்:
"தோள் மாத்து!"
அத்தனை பேரும் ஒரே மூச்சில் குனிந்து நிமிர
ஒரு கணம்
நீ யாருடைய தோளிலும் இல்லை.
அந்தக் கணத்தில் நீ எதில் நின்றாய் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நிறைகுடம் வைத்த படலைகளெல்லாம்
உன் முகத்தைப் பார்த்து அழுதன.
எனக்குத் தெரிந்தது
முன்னால் போனவனின் வேர்த்த பிடரி.
காவுகிறவனுக்கு உன் முகம் இல்லை.
ஆனாலும் அவ்வளவு கிட்ட
நான் யாரோடும் இருந்ததில்லை,
நாகபூசணியோடுகூட.
வீங்கிய தோளில் அவளை எண்ணெய் பூச விடமாட்டேன்,
உன் எடை போய்விடும் என்று.

இப்போது இடக்கையில் ஊசிக்கென்று நாளம் தைத்திருக்கிறார்கள்.
"இந்தக் கையால ஒண்டும் தூக்கப்படாது,
அரிசிப் பையும்தான்" என்கிறா ஹிதாயா மிஸி, கிண்ணியாக்காரி.
"ராவில காதில வச்சுக் கேளுங்க.
இரைஞ்சா நல்லம்.
நிண்டுட்டா உடனே ஓடி வாங்க."

கேட்கிறேன்.
கரண்ட் போன இரவில் நன்றாகவே கேட்கும்,
சங்கைக் காதில் வைத்த மாதிரி.
அது நீ என்று சொல்லமாட்டேன்.
அது இரத்தம். மிஸி படம் கீறிக் காட்டினா.

தோளில் மட்டும் அந்தத் தழும்பு
இன்னும் தடித்துக் கிடக்கிறது.
கட்டியோ என்று டாக்டர் அமத்திப் பார்த்தார்.
"இல்லை, அது சாமி" என்றேன்.
சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

நேற்று விடியமுன்
பாரமெல்லாம் முன்னுக்கு வந்தது.
மூச்சு எட்டவில்லை. கால்கள் மரக்குற்றிகள்.
நாகபூசணி முதுகைத் தடவுகிறாள்,
ஏதாவது தேவாரம் சொல்லுங்கோ என்கிறாள்.
ஒரு வரியும் வரவில்லை.
வந்தது பன்னிரண்டு வருடம்
பின்னுக்கிருந்து கேட்ட கட்டளை.

தோள் மாத்து.
தோள் மாத்து, கோணேசா,
சரிவில நிக்கிறன்.